‘ஆறும் ஆறு’: கருப்பொருள் உள்ள ஒரு தினசரிக் குறுக்கெழுத்தின் நிகழ்வு ஆய்வு

கருப்பொருள் வைத்த, அதாவது பல விடைகள் ஒரே பொருளைச் சேர்ந்த குறுக்கெழுத்தில், அந்தக் கருப்பொருள் பிடிபட்டதும் பாதி வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பெயர்கள் கிடைத்துவிடுவது உண்மை. எந்தப் பெயர் எந்த வரிசைக்கு என்பதைக் கருப்பொருள் சொல்லாது. அதைச் சொல்வது தமிழின் எழுத்திலக்கணமும், கருப்பொருளோடு சம்பந்தமில்லாத சின்னச் சின்ன விடைகளும்தான். ஒரு முழுப் புதிரைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

எடுத்துக்கொண்ட புதிர் 9×9 கட்டம். கடலூர், புதுவைப் பக்கத்து வாசகர்களை மனத்தில் வைத்து இந்த ஆய்வுக்கென்றே அமைத்தது. 81 கட்டங்களில் 46 வெள்ளை, 35 கறுப்பு. விடைகள் 14. இரண்டு விடைகள் சந்திக்கும் கட்டங்கள் 13 மட்டுமே. அமெரிக்க நாளிதழ்களின் 15×15 கட்டத்தில் ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் குறுக்கே ஒரு சொல்லிலும் நெடுக்கே ஒரு சொல்லிலும் இருக்கும். கட்டத்தை அரைச் சுற்று திருப்பினாலும் கறுப்புகள் அதே இடத்தில் நிற்கும். ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வெளியிட்ட முதல் புதிரே எழுத்துகளை நெருக்கமாகப் பின்னிய சாய்சதுரம்தான். ஆங்கிலத்தில் 26 எழுத்து என்பதால் அது முடிகிறது. தமிழில் 247. இரண்டு சொற்கள் ஒரு கட்டத்தைப் பகிர வேண்டுமென்றால் மெய்யும் உயிரும் சேர்ந்து பொருந்த வேண்டும். அதனால் நம் புதிர்களில் கறுப்பு அதிகம், சந்திப்பு குறைவு. ஆனால் கிடைக்கும் ஒவ்வொரு சந்திப்பும் ஆங்கிலத்தைவிட அதிகத் தகவல் தரும்.

குறிப்புகள் இவை. அடைப்புக்குள் இருப்பது எழுத்து எண்ணிக்கை.

இடமிருந்து வலம் (இ.வ.)
1. ராகத்தின் வால் சுருங்கினால் திருக்காஞ்சியைத் தொட்டு ஓடும் (7)
6. கடலூர் சிப்காட் ஓரம் ஓடும் உவர்நீர் (5)
8. தழுவு, அவித்துவிடு, குறுக்கே நின்று நீரைத் தடு: மூன்றுக்கும் ஒரே சொல் (2)
10. மழைக்காலம் போனால் வறண்டு கிடப்பதைப் பெயரே சொல்லிவிடும் (5)
11. திருவதிகையோடு சேர்த்து அப்பர் பாடியது (4)

மேலிருந்து கீழ் (மே.கீ.)
1. ஞாயிறன்று புதுவை காந்தி வீதியில் கூடுவது (3)
2. இதனோடு ‘ஊர்’ சேர்ந்தால் மாவட்டத் தலைநகர் (3)
3. நெய்வேலிச் சுரங்க நீரையும் வாங்கிக்கொண்டு கடலூர் முதுநகர்ப் பக்கம் வரும் (5)
4. மகளை அணுகும் இருமூன்று, சாத்தனூர் தாண்டி வருகிறது (5)
6. நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் தூவுவது (4)
7. பலாவுக்குப் பேர்போன ஊர் (5)
9. மாவட்டத்தில் ‘மா’ போனால் தாசில்தாருக்கு (4)
10. திருப்பாதிரிப்புலியூரில் ஞானியார் பெயரோடு நிற்பது (3)

கீழிருந்து மேல்
5. மூன்று நதிகள் கூடுமிடம் (4)

தலைப்பே கருப்பொருளைச் சொல்லிவிடுகிறது: ஆறுகள், அவையும் ஆறு. குறிப்புகள் இந்தப் பகுதியை விட்டு நகரவில்லை. இங்கே தீர்ப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை கட்டத்தில் எழுதுவதல்ல. ஓரத்தில் ஒரு பட்டியல் போடுவது. தெரிந்த ஆறுகளை எழுத்து எண்ணிக்கைப்படி பிரிக்க வேண்டும். நான்கு: கெடிலம், வெள்ளாறு. ஐந்து: பரவனாறு, உப்பனாறு, மலட்டாறு, பெண்ணையாறு, தென்பெண்ணை, கொள்ளிடம். ஆறு: சுண்ணாம்பாறு, மணிமுத்தாறு. ஏழு: சங்கராபரணி.

இந்தக் கட்டத்தில் ஆறெழுத்து இடமே இல்லை. ஆகவே படகுத்துறையால் எல்லாருக்கும் தெரிந்த சுண்ணாம்பாறு, தெரிந்த கணமே கழிகிறது. ஏழுக்கு ஒரே இடம், ஒரே பெயர். தலைவலி ஐந்தெழுத்தில்தான்: ஐந்து இடங்கள், பட்டியலில் ஆறு பெயர்கள், அந்த ஐந்திலும் ஒன்று (7 மே.கீ.) ஆறே அல்ல, ஊர்.

எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. புள்ளி வைத்த மெய் ஒரு கட்டம். ‘ரா’, ‘கெ’, ‘ணை’ எல்லாம் ஒவ்வொரு கட்டம். புதிதாக வருபவர்கள் துணைக்காலைத் தனிக் கட்டத்தில் போட்டுச் சங்கராபரணியை எட்டெழுத்தாக்கி, “இடம் போதவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். செல்போனில் தீர்க்கும்போது இதே கோளாறை மென்பொருளே செய்யும். யூனிகோடில் ‘புதுச்சேரி’ பத்துக் குறியீடுகள், கட்டங்கள் ஐந்துதான். குறியீட்டை எண்ணிக் கட்டம் போடும் செயலியில் தமிழ்ப் புதிர் நிற்காது.

வெற்றுக் கட்டமே என்ன சொல்கிறது

ஒரு எழுத்தும் எழுதாமலே, கட்டத்தின் அமைப்பை மட்டும் வைத்துக் கணிசமாகக் கழிக்கலாம். தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ட, ண, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ‘டயர்’ போன்ற கடன்சொற்கள் விலக்கு. உயிரெழுத்து, அளபெடையை விட்டால், சொல்லின் முதலில் மட்டுமே வரும், நடுவில் வராது. கடைசியில் வல்லின மெய் வராது. குறில் எகரம் மெய்யோடு சேர்ந்து (கெ, பெ, தெ) சொல்லை முடிக்காது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த மொழிமுதல், மொழியிறுதி விதிகள்தான். குறுக்கெழுத்தில் அவற்றுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

6 இ.வ.வைப் பாருங்கள். ஐந்து கட்டம். அதன் மூன்றாம் கட்டத்தில் 7 மே.கீ. தொடங்குகிறது. ஆகவே மூன்றாம் எழுத்து ஒரு சொல்லைத் தொடங்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். மலட்டாற்றில் மூன்றாவது ‘ட்’, போச்சு. பெண்ணையாற்றில் ‘ணை’, போச்சு. கொள்ளிடத்தில் ‘ளி’, அதுவும் போச்சு. மிஞ்சுவது உப்பனாறு, பரவனாறு, தென்பெண்ணை. ஆறு பெயர்கள் மூன்றாகிவிட்டன, குறிப்பைப் படிக்காமலே.

அடுத்து 3 மே.கீ. இது 1 இ.வ.வின் ஐந்தாம் கட்டத்திலிருந்து இறங்குகிறது. அந்தக் கட்டம் ஒரு சொல்லின் நடு. நடுவில் உயிரெழுத்து வராது என்பதால், 3 மே.கீ.யில் உயிரில் தொடங்கும் எந்த விடையும் உட்கார முடியாது. உப்பனாறு அங்கே இல்லை என்பது அப்போதே முடிவாகிறது.

இந்த ஒரு கழிவு எவ்வளவு முக்கியம் என்பது, அதைச் செய்யாதவர் படும் பாட்டில் தெரியும்.

இடம் மாறிய இரண்டு ஆறுகள்

பரவனாறும் உப்பனாறும் ஐந்தெழுத்து. இரண்டும் ‘னாறு’ என்று முடியும். இரண்டும் முதுநகர்ப் பக்கத்துக் கழிமுகத்தை நோக்கி வருபவை. 3 மே.கீ.யும் 6 இ.வ.வும் சந்திப்பது இரண்டுக்கும் கடைசிக் கட்டத்தில், அதாவது ‘று’வில். ஆகவே பெயர்களை இடம் மாற்றி எழுதினாலும் அந்தச் சந்திப்பு பொருந்தும். பொருந்துவதைப் பார்த்ததும் தீர்ப்பவருக்கு உறுதி வந்துவிடுகிறது. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுப்பார்.

மாற்றி எழுதினால் என்ன நடக்கிறது என்று தொடர்ந்து பார்ப்போம். 6 இ.வ.வில் பரவனாறு. அதன் முதல் கட்டத்தில் ‘ப’. அங்கிருந்து 6 மே.கீ. இறங்குகிறது: வயலில் தூவுவது, நான்கெழுத்து, ‘ப’வில் தொடக்கம். ‘பட்டாணி’ சரியாக விழுகிறது! நெல் தரிசில் பட்டாணி போடும் வழக்கம் இந்தப் பக்கம் இல்லை, உளுந்தும் பச்சைப் பயறும்தான். ஆனால் எண்ணிக்கையும் முதல் எழுத்தும் பொருந்திய மயக்கத்தில் அதை யார் கவனிக்கிறார்கள்? தவறு தவறைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து இரண்டு விடை ஆகிவிட்டது.

உடைவது மூன்றாம் கட்டத்தில். பரவனாற்றின் ‘வ’விலிருந்து 7 மே.கீ. தொடங்க வேண்டும். பலாவுக்குப் பேர்போன ‘வ’ ஊர், ஐந்தெழுத்து. வடலூரை நினைத்தால் நான்கெழுத்து; அங்கே பேர்போனது சத்திய ஞான சபை. கடலூர் மாவட்டத்துக்காரர் யாரும் பலா என்றால் பண்ருட்டியைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டார். மூன்றாம் கட்டம் ‘ப’தான் என்றால் பரவனாறு கிளம்ப வேண்டும், கூடவே பட்டாணியும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி: இரண்டு கருப்பொருள் விடைகள் தங்களுக்குப் பொதுவான முடிவெழுத்தில் சந்திக்கும் கட்டம் எதையும் நிரூபிக்காது. இந்தப் புதிரில் அப்படி இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: மேலே சொன்ன ‘று’ ஒன்று, பெண்ணையாறும் மலட்டாறும் சந்திக்கும் ஏழாம் வரிசைக் கடைசி ‘று’ இன்னொன்று. ‘ஆறு’ என்று முடியும் நான்கு பெயர்களும் இந்த இரண்டு கட்டத்திலேயே முடிகின்றன. கருப்பொருள் விடை ஒன்று உறுதியாக வேண்டுமென்றால், கருப்பொருளுக்கு வெளியே உள்ள சொல் ஒன்றோ, அப்படி ஏற்கெனவே உறுதியான விடை ஒன்றோ அதை வேறொரு எழுத்தில் வெட்டிப் போக வேண்டும். அதுவரை பென்சில்.

கீழிருந்து மேலே போகும் பொறி

தமிழ் வார இதழ்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று விடைகளைத் திருப்பிப் போடுவது பழைய வழக்கம். சொல் கிடைக்காத மூலையை அடைக்க அமைப்பவருக்கு வசதி. தீர்ப்பவர் தலைப்பைக் கவனிக்காமல் போனால் வினை.

5க்கு விடை திரிவேணி. எண் நான்காம் வரிசையில் இருக்கிறது; அங்கே ‘தி’ எழுதி மேலே ஏற வேண்டும், முதல் வரிசையில் ‘ணி’ வரும். பழக்கதோஷத்தில் மேலிருந்து எழுதினால் முதல் வரிசையில் ‘தி’ விழும். அது 1 இ.வ.வின் கடைசிக் கட்டம். ஆறுகளைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு ஏழெழுத்துச் சொல் ‘தி’யில் முடிந்தால் என்ன தோன்றும்? ‘நதி’. ஆறாம் கட்டத்தில் ‘ந’வையும் போட்டுவிட்டு, மீதி ஐந்தெழுத்தில் ஓர் ஆற்றின் பெயரைத் தேட ஆரம்பிப்பார். செஞ்சியாற்றுக்கு வராகநதி என்றும் பெயர் உண்டு என்று தெரிந்தவர் இன்னும் ஆழமாகச் சிக்குவார், அதற்கு ஐந்தெழுத்துதான்.

திரிவேணியை ஏழாவது ஆறாக எண்ணுவதும் நடக்கும். அது கூடுமிடம், ஆறல்ல. தலைப்பு ஆறு என்று எண்ணிக்கையைக் கட்டிப்போட்டிருப்பது இந்தக் குழப்பத்துக்குத்தான் காவல்.

‘பெ’வும் ‘பொ’வும் ‘ப’வும்

4 மே.கீ. குறிப்பு சிலேடை: மகளை என்றால் பெண்ணை, இருமூன்று ஆறு, சேர்த்தால் பெண்ணையாறு. சிலேடையை உடைக்காமல் சாத்தனூரை மட்டும் பிடித்துக்கொண்டவருக்கு மூன்று ஐந்தெழுத்துப் பெயர்கள் முன்னால் நிற்கும்: பெண்ணையாறு, தென்பெண்ணை, பொன்னையாறு. மூன்றும் அந்த ஒரே ஆற்றுக்கு வழங்குபவை.

தீர்த்துவைப்பது 8 இ.வ., இரண்டே எழுத்து. அதன் கடைசிக் கட்டம் 4 மே.கீ.யின் மூன்றாம் கட்டம். தென்பெண்ணை என்றால் அங்கே ‘பெ’ வரும். ‘பெ’யில் முடியும் தமிழ்ச் சொல் கிடையாது என்பதால், 8க்கு விடை தெரியாவிட்டாலும் தென்பெண்ணை விழுந்துவிடுகிறது. பொன்னையாறு என்றால் ‘னை’. 8க்கு விடை ‘அணை’ என்று கண்டதும் றன்னகரம் போய் டண்ணகரம் நிற்கிறது. இரண்டெழுத்து விடை மலிவு என்று சில அமைப்பாளர்கள் ஒதுக்குவார்கள். இங்கே அந்த இரண்டெழுத்து இல்லையென்றால் பெண்ணையாறு, பொன்னையாறு இரண்டுமே 4இல் பொருந்தும்.

உயிர்மெய்யின் பலம் 3 மே.கீ.யிலும் தெரியும். 1 இ.வ.விலிருந்து அங்கே விழுவது ‘ப’. ஆங்கிலப் பாணியில் நினைத்தால் பெண்ணையாறும் அதே எழுத்தில் தொடங்குவதாகத் தோன்றும். தமிழ்க் கட்டத்தில் ‘ப’ வேறு, ‘பெ’ வேறு. பட்டியலில் ‘ப’வில் தொடங்குவது பரவனாறு ஒன்றுதான்.

தடங்கலில்லாத வரிசை

ஆக, தொடங்க வேண்டியது ஆறல்லாத விடைகளில். 2 கடல், 9 வட்டம், 7 பண்ருட்டி, 8 அணை, 1 மே.கீ. சந்தை: இந்த ஐந்தும் குறிப்பைப் படித்த மாத்திரத்தில் வருபவை. எழுதியதும் 1 இ.வ. ‘ச _ க _ _ _ _’ என்று நிற்கும். ‘க’வுக்கு முன்னால் உள்ள கட்டத்தில் மெய் என்றால் ‘ங்’ அல்லது ‘க்’கைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ‘சங்க’ என்றதும் ராகம் சங்கராபரணம், வால் சுருங்கினால் சங்கராபரணி. அதன் ‘ப’ பரவனாற்றைத் தரும், ‘ணி’ திரிவேணியின் திசையைச் சரிபார்க்கும். பண்ருட்டியின் ‘ப’வும் பரவனாற்றின் ‘று’வும் சேர்ந்து 6 இ.வ.வை ‘_ _ ப _ று’ ஆக்க, உப்பனாறு. அதன் ‘உ’விலிருந்து உளுந்து. பண்ருட்டியின் ‘டி’ கெடிலத்துக்கு இரண்டாம் எழுத்து. வட்டத்தின் ‘ட்’ மலட்டாற்றுக்கு மூன்றாம் எழுத்து. மடம் கடைசியில் தானாக மூடும்.

ஒரு விலக்கை இங்கே சொல்ல வேண்டும். எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் மெய்ம்மயக்க விதிப்படி ‘ண்’ணுக்குப் பின் ரகரம் வராது. விதியை இறுகப் பிடித்தவர் பண்ருட்டியில் ‘ண்ரு’வைப் பார்த்துத் திகைப்பார், சரியான விடையையே அழிப்பார். ஊர்ப்பெயர்கள், ஆள்பெயர்கள், கூட்டுச்சொற்கள் இந்த விதிக்கு அடங்குவதில்லை. க், ச், த், ப் நான்கும் தம் வரிசையோடு மட்டுமே மயங்கும் என்பதும் ‘ங்’குக்குப் பின் ககர வரிசை என்பதும் நம்பத்தக்கவை, ‘ண்’, ‘ன்’ விஷயத்தில் குறிப்பு ஊரைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டே விதியைப் பிரயோகிக்க வேண்டும்.

கையெழுத்தும் கவிழ்க்கும். உப்பனாற்றில் இரண்டாம் கட்டம் ‘ப்’, மூன்றாம் கட்டம் ‘ப’. நாளிதழ்த் தாளில் மை ஊறிப் புள்ளி அடுத்த கட்டத்துக்கு மேல் போய் உட்கார்ந்தால் பண்ருட்டி ‘ப்’பில் தொடங்கும். ‘ர’வையும் துணைக்காலையும் ஒன்றுபோல் எழுதுபவர்கள் ‘ரா’வில் தடுமாறுவார்கள். கூர்மையான எச்பி பென்சில் போதும்.

அமைப்பில் குறைகளும் உண்டு. புதிரின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைப்பது பண்ருட்டி ஒன்றுதான். அந்த ஒரு பாலம் தெரியாத வெளியூர்க்காரருக்கு இது இரண்டு தனிப் புதிர்கள். மடத்தின் நடு எழுத்தை வேறெந்தச் சொல்லும் வெட்டவில்லை. குறிப்பு ஞானியாரைச் சொல்லாமல் பொதுவாக இருந்திருந்தால் மரம், மணம், மதம் எல்லாம் நுழைந்திருக்கும். வலது மேல் மூலையில் நான்கு கறுப்புகள் சேர்ந்து கிடப்பது இடவிரயம். திரிவேணியை அச்சில் விடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று போட்டால் நியாயமாக இருக்கும்.

விடைக் கட்டம்

ச | ங் | க | ரா | ப | ர | ணி | ■ | ■
ந் | ■ | ட | ■ | ர | ■ | வே | ■ | ■
தை | ■ | ல் | ■ | வ | ■ | ரி | ■ | பெ
■ | ■ | ■ | ■ | னா | ■ | தி | ■ | ண்
உ | ப் | ப | னா | று | ■ | ■ | அ | ணை
ளு | ■ | ண் | ■ | ■ | ■ | வ | ■ | யா
ந் | ■ | ரு | ■ | ம | ல | ட் | டா | று
து | ■ | ட் | ■ | ட | ■ | ட | ■ | ■
■ | கெ | டி | ல | ம் | ■ | ம் | ■ | ■